ஊட்டியில் எந்தப் பூங்கா யார் கையில்?

ராஜி_திருப்பூர்

வணக்கம் நண்பர்களே. எங்க பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போற ஏற்பாடு நடக்குது. கட்டணச் சலுகை கேட்டு ஒரு கடிதம் எழுதுங்க டீச்சர்னு ஹெச்.எம். சொல்லிட்டார். சுற்றுலாத் துறைக்குன்னு விலாசம் போட்டு எழுதி வச்சுட்டு, எதுக்கும் கேட்டுக்கலாம்னு ஒரு அலுவலகத்துக்கு போன் பண்ணினா "பூங்கா எங்களது இல்லைம்மா"ன்னு வச்சுட்டாங்க. சுற்றுலாத் துறையோடது இல்லைன்னா பின்ன யாரோடது? பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, பைக்காரா. இவ்வளவுதான் எங்க பட்டியல். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வண்டிக்காரன்43

டீச்சர், ஒரே கடிதம் வேலைக்கு ஆகாது. குறைஞ்சது மூணு போடணும்.

பொட்டானிக்கல், ரோஸ் கார்டன் ரெண்டும் தோட்டக்கலைத் துறை. குன்னூர்ல சிம்ஸ் பார்க்கும் அவங்கதான். போட் ஹவுஸ் டிடிடிசி, அதாவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். தொட்டபெட்டா மலை வனத்துறையோடது, ஆனா உச்சியில டெலஸ்கோப் வச்சிருக்கற கட்டடம் டிடிடிசி. பைக்காரா இன்னும் வேடிக்கை. அணை மின்வாரியத்தோடது, 1932லயே கரண்ட் எடுத்த இடம். அந்தத் தண்ணில ஓடற படகு டிடிடிசியோடது. கொஞ்சம் தள்ளி இருக்கற அருவி வனத்துறைப் பக்கம். ஒரு தண்ணி, மூணு முதலாளி.

வெளியூர்க்காரங்க எங்கிட்ட கேக்கற முதல் கேள்வியே "இப்பதானேப்பா டிக்கெட் எடுத்தோம், மறுபடியும் என்ன டிக்கெட்?"தான். பதில் சொல்லியே தொண்டை காஞ்சு போகுது.

பஸ் தனியார் பஸ்ஸா இருந்தா இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி வர்றதுக்கான ஆன்லைன் அனுமதி, எடுத்துடுங்க. அரசு பஸ்ஸுக்கு வேண்டாம்.

சிங்கை_மணி

இன்னொண்ணு விட்டுட்டீங்க அண்ணா. பெர்ன்ஹில் பக்கம் 38 ஏக்கர்ல ஒரு தோட்டம் இருக்கே, அது கர்நாடகத் தோட்டக்கலைத் துறையோடது! மைசூர் மகாராஜா காலத்து நிலம். 2018ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. அங்க சலுகை வேணும்னா டீச்சர் பெங்களூருக்குத்தான் எழுதணும் :)

வண்டிக்காரன்43

அது உண்மை. பராமரிப்பு நல்லாவே இருக்கும், குறை சொல்ல முடியாது.

பெரணி

நான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராஜி டீச்சர், கடிதத்தை உதகமண்டலம் தோட்டக்கலை இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். படகு இல்லத்துக்கு அதன் மேலாளர். தொட்டபெட்டாவுக்கு மாவட்ட வன அலுவலர். மூன்று கடிதத்திலும் மாணவர் எண்ணிக்கையும் வரும் தேதியும் இருக்கட்டும். மே மாதம் மட்டும் வேண்டாம். அந்த மாதம் யாருக்கும் யாரையும் கவனிக்க நேரம் இருக்காது.

பூங்கா ஏன் சுற்றுலாத் துறையிடம் இல்லை என்றால், அது சுற்றுலாவுக்காக உருவானதே இல்லை. 1840களின் தொடக்கத்தில் ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டிக் காய்கறி வாங்குவதற்காக ஒரு தோட்டம் போட்டார்கள். அது சரியாக ஓடவில்லை. 1848ல் தாவரவியல் பூங்காவாக உருமாறியது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர்தான் அந்தச் சரிவை இன்றைக்கு நாம் பார்க்கும் அடுக்குகளாக மாற்றினார். குயினைன் மருந்து எடுக்கும் சின்கோனா மரம் நீலகிரியில் வேரூன்றியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டுச் செடி இந்த மலையில் பிழைக்குமா என்று பார்ப்பதுதான் அப்போது தோட்டத்தின் வேலை. அந்த வரிசையில்தான் அது தோட்டக்கலைத் துறைக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் செயலகத்தில் எங்கள் துறை வேளாண்மை–உழவர் நலத் துறைக்குக் கீழேதான். சுற்றுலாவுக்கு ஒரு அமைச்சர், எங்களுக்கு ஒரு அமைச்சர், வனத்துக்கு இன்னொருவர்.

மே மாத மலர்க்காட்சிக்கு வருகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை அதற்கு எத்தனையோ மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். காலையில் புல்தரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் பனியில் நாற்று ஒரே ராத்திரியில் கருகிவிடும். பாத்தி மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து கூரை மாதிரி குத்தி வைப்போம். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் தண்ணீர் தெளிப்போம், விடிந்ததும் மறுபடி தெளிப்போம். மிலாரை எந்த வாரம் எடுப்பது என்பதுதான் பெரிய கணக்கு. அவசரப்பட்டால் பின்பனி வந்து அடிக்கும், தாமதித்தால் செடி வெளிறிப்போய் நெட்டையாக வளரும். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் பூங்கா ஊழியர்கள்தான். பெரும்பாலானோர் தினக்கூலியாகச் சேர்ந்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட்டத்தில் உட்காராத ஆண்டு குறைவு.

இதைச் சுற்றுலாக் கழகத்திடம் கொடுத்தால் மிலார் வெட்டுவதையும் டெண்டர் விடுவார்கள்.

கணக்கன்

//இதைச் சுற்றுலாக் கழகத்திடம் கொடுத்தால்//

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எந்தத் துறை கையில் இருக்கிறது என்பதைவிட, வாசலில் வாங்கும் டிக்கெட் காசு எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தணிக்கை வேலையில் இருப்பவன், அதனால் இப்படித்தான் பார்க்க வரும்.

அரசுத் துறை நேரடியாக வசூலிக்கும் காசு, அரசியலமைப்பின் 266வது பிரிவுப்படி மாநிலத்தின் தொகுப்பு நிதிக்கு, அதாவது பொதுக் கஜானாவுக்குப் போகணும். போன காசு தானாகத் திரும்பி வராது. அடுத்த பட்ஜெட்டில் ஒதுக்கீடு கேட்கணும், கேட்டது முழுசாக வராது. கூட்டம் ரெண்டு மடங்கு ஆனாலும் கழிப்பறை ரெண்டு மடங்கு ஆகாததற்கு இது ஒரு காரணம்.

டிடிடிசி 1971ல் தொடங்கிய அரசு நிறுவனம். ஓட்டல் தமிழ்நாடு, முட்டுக்காடு, பிச்சாவரம், ஏற்காடு, கொடைக்கானல் படகு இல்லங்கள் எல்லாம் அதன் கணக்கில். வருமானம் அங்கேயே நிற்கும், சம்பளமும் அதிலிருந்துதான். அதனால் கூட்டம் வந்தால் அவர்களுக்கு லாபம், வராவிட்டால் நஷ்டம்.

மூன்றாவது வகையும் இருக்கிறது. முதுமலைக்குப் போனால் அங்கே வசூலாகும் நுழைவுக் கட்டணம் சென்னைக்கு வர வேண்டியதில்லை. 2006ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 38எக்ஸ் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளை, வாசல் வசூல் அதில் சேர்ந்து அந்தக் காட்டுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் செலவாகலாம். வண்டலூர் போன்ற இடங்களுக்கும் தமிழ்நாடு உயிரியல் பூங்கா ஆணையம் என்று தனியாக ஒரு சங்கம் இருக்கிறது.

புலிக்குக் கிடைத்த வசதி ரோஜாவுக்கு ஏன் இல்லை? இதுதான் என் கேள்வி.

பெரணி

தோட்டக்கலைத் துறைக்கும் வளர்ச்சி முகமை என்று ஒரு பதிவு பெற்ற சங்கம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கத் திட்டங்களை நடத்த வந்தது. ஒரு பூங்கா தன் வசூலைத் தானே வைத்துக்கொண்டு, எந்தச் சுவரை இடித்துக் கட்டுவது என்று தானே முடிவெடுக்கும் நிலை நான் இருந்தவரை வரவில்லை. கணக்கன் சொல்வதில் இந்த இடம் நியாயம்தான்.

நெல்லைக்காரி

காசு அங்கேயே நின்னா எல்லாம் சரியாயிடும்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். வசூல் தங்கின இடத்துல கடை முளைக்கும், அவ்வளவுதான்.

எங்க பக்கம் குற்றாலத்தைப் பாருங்க. மெயின் அருவி பேரூராட்சி பார்வையில. மேல காடு முழுக்க வனத்துறை. தண்ணி அதிகமா வந்தா கயிறு கட்டித் தடுக்கறது போலீஸ். பழைய குற்றாலத்துல 2024 மே 17 அன்னைக்கு மேல மலையில பெஞ்ச மழை கீழ திடீர்னு வெள்ளமா இறங்கி ஒரு பையன் போயிட்டான். மேல என்ன நடக்குதுன்னு கீழ குளிக்கறவங்களுக்குச் சொல்ல அந்த நேரத்துல யார் பொறுப்பு? அதுக்கப்புறம் பழைய குற்றாலத்தை வனத்துறை எடுத்துக்கலாமா கூடாதான்னு ஊருக்குள்ள பெரிய சண்டை. வனத்துறை வந்தா நேரம் குறிச்சுக் கதவைப் பூட்டிடுவாங்க, ராத்திரி குளியல் போச்சு, கடை போச்சுன்னு பயம். அந்தப் பயமும் பொய் இல்லை.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில கூடாதுன்னு சொன்னதும் எந்தத் துறையும் இல்லை. 2014ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அதுவரைக்கும் வாசல்லயே பாக்கெட் பாக்கெட்டா தொங்கும்.

சட்டத்துணை

நெல்லைக்காரி அக்கா சொன்ன கடைசி விஷயத்தைப் பிடிச்சுக்கறேன். தமிழ்நாட்டுல மலைச் சுற்றுலாவை இப்ப யார் நிர்வகிக்கறாங்கன்னு கேட்டா, பாதி பதில் உயர் நீதிமன்றம்.

இ-பாஸையே எடுத்துக்கோங்க. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7லிருந்து கட்டாயம். அரசு யோசிச்சுக் கொண்டுவந்தது இல்லை, நீதிபதிகள் என்.சதீஷ்குமார், பரத சக்கரவர்த்தி அமர்வு போட்ட உத்தரவு. முதல்ல எண்ணிக்கை வரம்பு கிடையாது, யார் வர்றாங்கன்னு கணக்கு எடுக்கறதுக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் 2025 ஏப்ரல் 1லிருந்து ஜூன் வரைக்கும் வரம்பு வச்சாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும்னு ஆய்வு பண்ற வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போச்சு.

டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலா 10 ரூபாய் வாங்கிட்டு, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்ற திட்டமும் அப்படித்தான். 2022ல நீலகிரியில ஆரம்பிச்சது, அதுக்குப் பின்னாடியும் நீதிமன்றம்தான்.

துறைகள் ஒண்ணோட ஒண்ணு பேசாத இடத்துல யாரோ ஒருத்தர் வழக்கு போடறார், நீதிபதி எல்லாத் துறைச் செயலாளரையும் ஒரே அறையில உட்கார வைக்கறார். ஒருங்கிணைப்புக் குழுன்னு நாம சொல்றது கடைசியில அதுதான்.

வண்டிக்காரன்43

//வார நாள்ல 6,000 வண்டி//

சார், அந்த உத்தரவு வந்தப்ப இங்க கடையடைப்பே நடந்தது. நாங்க எல்லாம் மலைக்கு எதிரி இல்லை. சீசன்ல ஊட்டி நடுவுல சேரிங் கிராஸ்ல வண்டி நிக்கற நிலைமை எங்களுக்குத் தெரியாதா? ஆனா மலையடிவாரத்துல கல்லாறு செக்போஸ்ட்ல ஒருத்தன் போனை வச்சுட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு இருப்பான், பின்னாடி அரைக் கிலோமீட்டருக்கு வண்டி. டூரிஸ்ட் மேல வந்து சேர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். அப்புறம் எங்கிட்ட "அண்ணா ரெண்டு இடம் மட்டும் காட்டுங்க போதும்"பான். வரம்பு வைக்கறவங்க மேட்டுப்பாளையத்துல ஒரு பெரிய பார்க்கிங் போட்டு, அங்கிருந்து அரசு பஸ் விட்டிருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதைப் போக்குவரத்துத் துறை பண்ணணும். பாருங்க, இன்னொரு துறை.

சென்னை_மரம்

மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்குங்கள். சென்னையில் கதீட்ரல் சாலை ஓரத்தில் நின்று பார்த்தால் இதே கதைதான். செம்மொழிப் பூங்கா, 2010ல் திறந்தது, தோட்டக்கலைத் துறை. எதிர்ப்பக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, 2024 அக்டோபரில் திறந்தது, அதுவும் தோட்டக்கலை. அங்கிருந்து தி.நகர் போனால் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, ரெண்டும் மாநகராட்சி. அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை. கிண்டி சிறுவர் பூங்கா வனத்துறை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. டிக்கெட் போடக்கூடிய பூங்கா என்றால் மாநில அரசு உற்சாகமாக வருகிறது, ஜிப்லைன் போடுகிறது, கண்ணாடி வீடு கட்டுகிறது. காலையில் நாலு தாத்தா நடக்கிற தெருப் பூங்காவுக்கு மாநகராட்சி ஒப்பந்ததாரர் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் உண்டு.

கணக்கன்

தெருப் பூங்காவுக்குத்தான் உண்மையில் வலுவான சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம், 1959. பூங்கா என்று பட்டியலில் ஏறிய இடத்தை வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்பதுதான் அதன் சாரம். அத்தோடு பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கணும். ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வார்களே, அது. எழுதிக் கொடுத்த நிலத்தில் பின்னால் கொட்டகை போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சட்டத்துணை

உங்க வார்டுல அப்படி ஒரு நிலம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னா, மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடத்தோட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. "பூங்கா எத்தனை"ன்னு கேட்டா மழுப்புவாங்க. வரைபட எண்ணைப் போட்டுக் கேட்டா கொடுத்துதான் ஆகணும்.

ராஜி_திருப்பூர்

இவ்வளவு பேர் எழுதினதுக்கு நன்றி. பெரணி ஐயா சொன்னபடி மூணு கடிதம் தயார் பண்ணிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். இதை எல்லாம் கலெக்டர் ஒருத்தரே பார்க்கக் கூடாதா? மாவட்டத்துக்கே அவர்தானே பெரியவர்?

பெரணி

கோடை விழாவை அவர்தான் முன்னால் நின்று நடத்துகிறார் டீச்சர். ஊட்டியில் மலர்க்காட்சி, ரோஜாக் காட்சி, குன்னூரில் பழக்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, கூடலூரில் வாசனைப் பொருள் காட்சி என்று எல்லாத் துறையையும் கூட்டி உட்கார வைப்பது ஆட்சியர்தான். நல்ல ஆட்சியர் அமைந்தால் நிறைய நடக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் வேலை மாநிலம் முழுக்கத் தடை வந்த 2019க்கு வெகு முன்பே, 2000 வாக்கில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது ஆரம்பித்தது.

ஆனால் அவர் மாறிப் போவார். அவர் கூட்டும் கூட்டத்துக்கு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஆள் வருவார், தேநீர் குடிப்பார், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அவருடைய மேலிடம் சென்னையில் தனித்தனி மாடியில் இருக்கிறது. ஆட்சியரிடம் அவர் சம்பளமும் இல்லை, அவருடைய பட்ஜெட்டும் இல்லை.

நெல்லைக்காரி

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. கேரளாவுல மாவட்டத்துக்கு ஒரு சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சில் வச்சு, கலெக்டரைத் தலைவராப் போட்டு, பூங்கா படகு எல்லாம் அதுலயே நடத்தறாங்க. அங்கயும் வனத்துறையோட இழுபறி இருக்கத்தான் செய்யுது. ஆனா யாரைத் திட்டணும்னு ஜனங்களுக்காவது தெரியும்.

சென்னை_மரம்

அந்த ரேஸ் கோர்ஸ் (குதிரைப் பந்தய மைதானம்) விவகாரம் பற்றி யாரும் பேசவில்லையே? ஊட்டி நடுவில் 52 ஏக்கர். குத்தகை பாக்கி 822 கோடி என்று சொல்லி 2024ல் அரசு திரும்ப எடுத்தது. சூழல் பூங்கா வரப்போகிறது என்றார்கள். சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸில் எடுத்த 160 ஏக்கரிலும் 118 ஏக்கர் தோட்டக்கலைத் துறைக்கு. கணக்கன் சார், இந்தப் புதுப் பூங்காக்களுக்காவது வசூல் அங்கேயே நிற்கும்படி ஏற்பாடு செய்யலாம் இல்லையா?

கணக்கன்

செய்யலாம். புதிதாக ஆரம்பிக்கும்போதுதான் அது சுலபம், பழைய பூங்காவில் மாற்ற நிதித்துறை லேசில் சம்மதிக்காது. ஆனால் நெல்லைக்காரி சொன்ன பயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். வசூலை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தால், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற வரம்பை வேறு ஒருவர் கையில் கொடுக்கணும். புலிகள் காப்பகத்தில் அப்படித்தான்: காசு அறக்கட்டளையிடம், வரம்பு தேசியப் புலிகள் ஆணையத்தின் 2012 வழிகாட்டுதலில். மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக்கூடாது. இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால் மலர்க்காட்சி வருஷம் முழுக்க நடக்கும்.

பெரணி

ஊட்டி ரேஸ் கோர்ஸில் பூங்கா போடுவதற்கு முன் ஒன்று கவனிக்கணும். அந்த இடம் பழைய ஏரியின் படுகை. 1824ல் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் ஏரி வெட்ட ஆரம்பித்தபோது தண்ணீர் இன்றைய பேருந்து நிலையம், ரேஸ் கோர்ஸ் வரைக்கும் பரவியிருந்தது. சுருங்கிச் சுருங்கி இப்போது இருப்பது மிச்சம். ஊருக்குள்ளிருந்து கோடப்பமந்து கால்வாய் சாக்கடையைச் சுமந்துகொண்டு அந்த ஏரிக்குத்தான் போகிறது. மழை பிடித்தால் அந்தத் தாழ்வில் தண்ணீர் தேங்கும். அங்கே சிமென்ட் நடைபாதையும் பெரிய கட்டடமும் போட்டால் தண்ணீர் கடைவீதிக்குள் வரும். ஈரம் தாங்கும் செடி, பள்ளமாக ஒரு குளம், நடுவில் மரப்பலகைப் பாதை, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை.

வண்டிக்காரன்43

ஐயா, கால்வாய்ல சாக்கடை விடறது நகராட்சி எல்லைக்குள்ள. ஏரித் தண்ணி நீர்வளத்துறை. அதுமேல படகு டிடிடிசி. இப்ப பக்கத்துலயே தோட்டக்கலைப் பூங்கா வந்தா, நாத்தம் அடிக்குதுன்னு டூரிஸ்ட் புகார் பண்ணா யாரு வருவா?

பெரணி

நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். நகல் ஆட்சியருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். தண்ணீரில் கலப்பது வாரியத்தின் வேலை, அவர்கள் மாதிரி எடுத்துத்தான் ஆகணும்.

சட்டத்துணை

மாதிரி எடுத்த அறிக்கை நகலையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. பின்னாடி பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வந்தா அதுதான் முதல் காகிதம்.